தகப்பன் கேட்காத கைதட்டல்

வாசகர்களே, தேக்காவில் பெலிலியோஸ் ரோடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். இங்கே மாட்டு வியாபாரம் செய்த ஒரு யூதரின் பெயர் அது. அவர் செல்வந்தர். நான் சொல்ல வருவது ஓர் ஏழை யூதரின் கதை.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் டேவிட் குட்மேனுக்குப் 12 பிள்ளைகள். இறைச்சிக்கூடத்தில் கொழுப்பு அள்ளிய கூலி. வீடு திரும்பினால் உடம்பெல்லாம் நாற்றம். அந்த நிலையிலும் மூன்று மகன்களை யூத ஆலயத்து இசை வகுப்பில் சேர்த்தார். மூவரில் சிறியவன் பென்னி, வயது 10. அவன் கைக்கு ஏற்றது கிளாரினெட்.

1926-இல் கார் மோதித் தகப்பன் இறந்தார். 1938 ஜனவரி 16 அன்று, நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் மகனின் பெரிய வாத்தியக் குழு வாசித்தது. கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே மேடையில் காண்பது அரிதான காலம். டெடி வில்சன், லயனல் ஹாம்ப்டன் என்ற கறுப்பினக் கலைஞர்களைப் பென்னி தம்முடனேயே வாசிக்க வைத்தார். 'ஸ்விங்' இசை மன்னர் என்று பெயரெடுத்து, 1986-இல் மறைந்தார்.

பெற்றோர்களே, பிள்ளை மேளமோ பாட்டோ பழக ஆசைப்பட்டால், "நமக்கேன் இதெல்லாம்?" என்று தள்ளிவிடாதீர்கள். பலனை நாம் பார்க்காமலே போகலாம். டேவிட்டும் பார்க்கவில்லை. ஆனாலும் விதை அவர் போட்டதுதானே!