கீழ்ப்பாக்கத்துத் தோட்டம் யாருக்கு?

சென்னை ஜனங்களின் நாவில் ஓர் ஊரின் பெயர் வசைமொழியாகிப் பல தலைமுறைகள் ஆகிவிட்டன. மயிலாப்பூர் மாடவீதியில் இரண்டு இளைஞர்கள் வேடிக்கையாகச் சண்டையிட்டாலும், வீட்டில் அண்ணன் தம்பியைக் கடிந்துகொண்டாலும், ‘உன்னைக் கீழ்ப்பாக்கத்திற்குத்தான் அனுப்ப வேண்டும்’ என்ற சொல் தானே வந்து விழுகிறது. வடக்கே ஆக்ராவும் ராஞ்சியும் இக்கதிக்கே ஆளாயின. லண்டன் மாநகரத்துப் பெத்லெம் ஆஸ்பத்திரியின் பெயர் மருவி, ஆங்கில பாஷையில் கூச்சல் குழப்பத்திற்கே ஒரு சொல்லாயிற்று. ஆகவே இது நம்மவருக்கு மட்டும் உரிய குறையன்று. எனினும் இவ்வாறு ஏசுகிறவர்களில் எத்தனை பேர் அந்த மதிலுக்குள் ஒரு முறையேனும் அடி வைத்திருப்பார்கள்? அம்மதில் எப்படி எழுந்தது, அதற்குள் இருந்தோர் யார், இனி அந்த நிலம் எதற்குப் பயன்பட வேண்டும் என்ற விஷயங்களை மஹாஜனங்கள் ஆலோசிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது நமது அபிப்பிராயம்.

சரித்திரம் சுவையானது, பெருமைக்குரியதென்று சொல்ல முடியாது. 1794-ஆம் ஆண்டில், கும்பினியாரின் வைத்திய உத்தியோகஸ்தரான வாலண்டைன் கானலி என்பவர் புரசைவாக்கத்தில் சித்தபேதமுற்றோருக்கென ஒரு விடுதி அமைத்தார். அது தர்ம ஸ்தாபனமன்று, வியாபாரம். கும்பினியார் பணம் கொடுத்தார்கள், அவர் பார்த்துக்கொண்டார். பிறகு அவ்விடுதி கைமாறிற்று. டால்டன் என்ற வைத்தியர் அதை எடுத்துக் கட்டியபின், ‘டால்டன் பைத்தியக்கார ஆஸ்பத்திரி’ என்றே ஊரில் வழங்கலாயிற்று. மனிதன் அறிவிழந்து நிற்கும் நிலையும் ஒருவருக்கு வருமானமாகும் என்பதைச் சென்னை அன்றே கண்டுகொண்டது.

1858-ஆம் ஆண்டில், கும்பினி ஆட்சி மறைந்து ராணியின் ஆட்சி வந்த அதே வருஷத்தில், இத்தகைய விடுதிகளுக்கென ஒரு சட்டம் பிறந்தது. நோயாளியை மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தி, உத்தரவு பெற்று, உள்ளே அடைப்பதே அதன் சாரம். வைத்தியன் கடைசியில்தான் வருவான்; முதலில் வருபவன் போலீஸ்காரன். இந்தச் சட்டத்தின் நிழலில்தான், 1871-இல், கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் என்று வழங்கிய 66½ ஏக்கர் நிலத்தில், 145 நோயாளிகளோடு சர்க்கார் விடுதி திறக்கப்பட்டது. அக்காலத்தில் அது ஊருக்குப் புறம்பான மரத்தோப்பு. காற்றும் நிழலும் நோய்க்கு நல்லதென்று சொன்னார்கள். கண்ணுக்கு மறைவாய் இருப்பது ஊருக்கு நல்லதென்றும் நினைத்திருப்பார்கள்.

1912-இல் புதுச் சட்டம் வந்தது. 1922-இல் ‘விடுதி’ என்ற பெயர் போய் ‘மனநோய் ஆஸ்பத்திரி’ என்ற பெயர் வந்தது. பெயர் மாறியதே தவிர, உத்தரவின்றி உள்ளே போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது என்ற நிலை மாறவில்லை. அந்நியன் இயற்றிய அந்த 1912-ஆம் வருஷத்துச் சட்டத்தை சுதந்திர இந்தியா எத்தனை காலம் சுமந்தது தெரியுமா? அதற்கு மாற்றான சட்டத்தைப் பார்லிமெண்டு நிறைவேற்றியது 1987-இல். அது அமலுக்கு வந்தது 1993-இல். உப்புச் சட்டத்தை மீற நடந்த தேசம், தன் மக்களிலே மிகவும் வாயற்றவர்களை அடைத்து வைத்த சட்டத்தை மீற ஓர் அடியும் எடுத்து வைக்கவில்லை.

இந்த இருளில் ஒருவரை நன்றியோடு நினைக்கிறோம். டாக்டர் சாரதா மேனன் அம்மையார் 1961 முதல் 1978 வரை அந்த ஆஸ்பத்திரியின் தலைமைப் பொறுப்பை வகித்தார். அப்பதவியை வகித்த முதல் பெண்மணி அவரே. நோயாளியை அடைத்து வைக்காமல், வீட்டிலிருந்தே வந்து மருந்து பெற்றுப் போகச் செய்யும் பகுதியை வளர்த்தார். கைத்தொழில் கற்பிக்கும் ஏற்பாட்டுக்கும் வித்திட்டார். 1950-க்குப் பின் புதிய மருந்துகள் வந்து, தீராதென்று கைவிட்ட நோய் தணியத் தொடங்கிய காலம் அது. ஓய்வு பெற்ற பின்னும் அம்மையார் ஓயவில்லை; 1984-இல் இதே நகரத்தில் மனச்சிதைவு நோய்க்கான ஆராய்ச்சி ஸ்தாபனத்தை நிறுவினார். 98 வயது வரை வாழ்ந்து 2021 டிசம்பரில் மறைந்தார். அவருடைய பெயரை அறிந்தவர்களைவிட, ‘கீழ்ப்பாக்கம்’ என்ற வசையை அறிந்தவர்களே இந்நகரத்தில் அதிகம்!

இனி நிலத்தின் விஷயத்திற்கு வருவோம். 1871-இல் புறநகர்த் தோப்பாயிருந்தது இன்று நகரத்தின் நடுவே நிற்கிறது. ஒரு பக்கம் அயனாவரம், ஒரு பக்கம் புரசைவாக்கம், சுற்றிலும் அடுக்குமாடிகள். இத்தகைய நிலத்தின்மேல் எத்தனை கண்கள் விழும் என்பதை எழுதிக்காட்ட வேண்டியதில்லை. ‘பழைய பாணி ஆஸ்பத்திரிகள் காலத்திற்கு ஒவ்வாதவை, மூடிவிடலாம்’ என்று ஒரு வாதம் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் மூடிய பின் என்ன செய்வது என்ற கேள்விக்கு இரண்டு ஊர்கள் இரண்டு விடை தந்திருக்கின்றன.

லண்டன் பெத்லெம் ஆஸ்பத்திரி 1930-இல் ஊருக்கு வெளியே போயிற்று. அதன் பழைய கட்டடத்தில் 1936 முதல் ஏகாதிபத்திய யுத்தக் காட்சிசாலை நடக்கிறது. பித்தர் இருந்த இடத்தில் பீரங்கிகள்! எது பித்து என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும். இத்தாலி தேசத்து திரியெஸ்தே நகரம் வேறு வழி கண்டது. ஃபிராங்கோ பசாலியா என்ற வைத்தியர் அங்கே மதிலைத் திறந்துவிட்டார். 1978-இல் அத்தேசம் சட்டமியற்றி இத்தகைய ஆஸ்பத்திரிகளை மூட முடிவு செய்தது. அந்த நிலம் விற்கப்படவில்லை. இன்று அதில் சர்வகலாசாலைப் பகுதியும், ரோஜாத் தோட்டமும், நோயிலிருந்து மீண்டவர்கள் வேலை செய்யும் உணவகமும் இருக்கின்றன. நகரத்தின் பல பகுதிகளிலும் சிகிச்சை நிலையங்களை அமைத்த பிறகே அவர்கள் ஆஸ்பத்திரியை மூடினார்கள் என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அதே 1978-இல்தான் நம் கீழ்ப்பாக்கமும் ‘மனநலக் கழகம்’ என்று பெயர் மாறியது. நமக்குப் பெயர் மாறியது. அவர்களுக்கு வாழ்வு மாறியது.

அக்கம்பக்கத்தில் சிகிச்சையில்லாத தேசத்தில் மதிலை மட்டும் இடித்தால் என்ன நேரும் என்பதற்கு நாம் வெளிதேசம் போக வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தனியார் விடுதியொன்றில் தீப்பிடித்து 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் அவர்களால் ஓட முடியவில்லை. அந்தோ! அவர்களை அங்கே விட்டுச் சென்ற குடும்பங்கள் அனைத்தும் கல்நெஞ்சம் படைத்தவை என்று நாம் கருதவில்லை. பக்கத்தில் வைத்தியசாலையில்லை; இருந்த இடத்திற்குப் போக அவமானம். ஆகவே நேர்ந்துகொண்டு தர்காவை நாடி வந்தார்கள்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவரையும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்கிறது. குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற ஒரே காரணத்தால் எவரையும் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கலாகாது என்றும் கூறுகிறது. வாசகம் அழகாயிருக்கிறது. ஆனால் நோய் தணிந்தும் அழைத்துப் போக ஆளின்றி மதிலுக்குள்ளேயே காலம் கழிப்போர் இன்னும் உண்டு. அவர்களுக்கு இப்போது வேண்டியது மருந்தன்று, முகவரி. அவர்களுடைய உறவினர் எல்லோரும் ஏழைகளா? மயிலையிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் கௌரவமாக வாழும் குடும்பங்கள் இவ்விஷயத்தில் தம் மனச்சாட்சியைத் தாமே விசாரித்துக்கொள்ளட்டும்.

1993-இல் சென்னையில் தோன்றிய ‘பான்யன்’ என்ற தர்ம ஸ்தாபனம், நீண்டகாலம் விடுதிகளில் இருந்தவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் குடித்தனம் நடத்தும் ஏற்பாட்டை 2015 முதல் செய்து வருகிறது. தாமே கடைக்குப் போகிறார்கள், சமைக்கிறார்கள், கதவைத் தாமே பூட்டித் திறக்கிறார்கள். இப்படிப்பட்டவர் வந்து கேட்டால், கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடு கொடுப்பவர் எத்தனை பேர்? பங்குனியில் அறுபத்துமூவர் விழாவுக்கு லட்சம் பேர் கூடுகிறோம். அந்த அறுபத்துமூவரில் ஒருவரான சுந்தரர் இறைவனையே பித்தனென்று அழைத்தவர். இறைவனும் அதைக் கோபிக்காமல் ஏற்றுக்கொண்டான். பித்தனைத் தேரில் வைத்து இழுக்கிற ஊர், பித்து நீங்கியவனுக்கு ஒரு அறை வாடகைக்கு விட மறுப்பது என்ன நியாயம்?

2022-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில், இந்த ஸ்தாபனத்தை பெங்களூரில் உள்ளதைப்போல் உயர்த்துவதற்காக 40 கோடி ரூபாய் ஒதுக்குவதாகத் தமிழ்நாட்டுச் சர்க்கார் அறிவித்தது. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் புதுக்கட்டடம் எழும்பும்போது பழைய நிலத்தில் ஒரு சென்டும் வேறு காரியத்திற்குப் போகலாகாது என்று சட்டசபையில் உறுதி கூற வேண்டும். தோட்டத்தின் ஒரு பகுதியை ஜனங்களுக்குத் திறந்துவிட வேண்டும். அங்கே நோயாளிகள் சுடும் ரொட்டியை நகரத்தார் விலை கொடுத்து வாங்கும் கடை வாசலிலேயே இருக்கட்டும். குணமடைந்த பின்னும் வீடு திரும்பாதவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கை வருஷந்தோறும் சபையில் வைக்க வேண்டும். முதல் கணக்கை வரும் மானியக் கோரிக்கை விவாதத்திலேயே சென்னை அங்கத்தினர் எவரேனும் கேட்பாரா என்று எதிர்பார்த்திருக்கிறோம்.