முகத்தைக் காட்டாதே, கணக்கைக் காட்டு!

சமுதாய இளைஞனே! 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது நம் பள்ளிவாசல்கள் கதவைத் திறந்தன. மதம் பாராமல் சோறு போட்டோம். நிவாரணப் பொட்டலங்களில் அன்றைய முதல்வரின் படத்தை ஒட்டியதைக் கண்டு கொதித்தோமே, நினைவிருக்கிறதா?

அதே நாம் ரமளானில் செய்வதென்ன? ஒரு விதவைத் தாயின் கையில் ஃபித்ரா அரிசிப் பையைக் கொடுத்து, நான்கு பேர் அதைப் பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்க்கச் சொல்கிறோம். பின்னால் பேனர் வேறு! அவர் மகளைப் பெண் கேட்டு வருபவர் கண்ணில் அந்தப் படம் படாதா? சொல்லிக்காட்டியும் நோகடித்தும் தர்மத்தைப் பாழாக்க வேண்டாம் என்று அல்பகரா அத்தியாயத்தின் 264-ஆம் வசனம் எச்சரிக்கிறதே! வெளிப்படையாகக் கொடுப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் வெளிப்பட வேண்டியது உங்கள் கணக்கு, அவர் முகமல்ல.

வியாபாரப் பெருமக்களே! படம் கேட்டுப் பழக்கியது நீங்கள்தான். இனி வரவு செலவைக் கேளுங்கள். ஜகாத் வசூலிக்கும் ஊழியருக்கு அதிலிருந்தே ஊதியம் உண்டு (9:60). அதற்கு மேல்? வசூலித்து வந்த இப்னுல் லுத்பிய்யா, "இது எனக்கு வந்த அன்பளிப்பு" என்று ஒரு பங்கை ஒதுக்கியபோது, பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது தேடி வந்திருக்குமா என்று மிம்பரில் ஏறிக் கேட்டார்கள் நபி (ஸல்) அவர்கள்.

வரும் ரமளானில் பேனரில்லாமல், இரவில், இரண்டு பெண்களை அந்த வீடுகளுக்கு அனுப்புங்கள். பெயர்ப் பட்டியல் ஒரே பொறுப்பாளரிடம் இருக்கட்டும். மொத்தக் கணக்கு பள்ளிவாசல் பலகையில் தொங்கட்டும்.