வானத்தில் பறக்கிறது கருவி. மண்ணில் மண்டியிடுவது யார்?

கண்ணிவெடியை இனி ஆகாயத்திலிருந்தே கண்டுபிடித்து விடலாமாம். ஆளில்லாத சிறு விமானம் ஒன்று காட்டுக்கு மேலே பறக்குமாம். அதன் அடியில் தொங்கும் காமிரா மண்ணுக்குள் கிடக்கும் வெடியைக் காட்டிக் கொடுக்குமாம். ஒரு மனித உயிரும் ஆபத்தில் சிக்காதாம். கல்யாண வீட்டில் படம் பிடிக்கும் டிரோன், வயலில் மருந்தடித்து நம் ஆட்களின் கூலியில் கை வைக்கும் டிரோன், இப்போது உயிர் காக்கும் தெய்வமாக அவதாரம் எடுத்திருக்கிறது!

விஞ்ஞானத்தை நாம் பழிக்கவில்லை. மெஷினை உடைத்தால் கூலி உயராது என்பதை மில் தொழிலாளிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்தக் கருவியை யாருக்காகச் சோதிக்கிறார்கள், எந்த மண்ணில் சோதிக்கிறார்கள் என்பதே நம் கேள்வி.

முதலில் சங்கதியைப் புரிந்து கொள்வோம். பொழுது சாய்ந்ததும் களத்து மண் ஆறிவிடுகிறது. பக்கத்தில் கிடக்கும் கருங்கல் ராத்திரி வரை சுடுகிறது. களத்தில் காவல் படுத்தவர்களுக்கு இது தெரியும். அதேபோல மண்ணுக்கடியில் கிடக்கும் வெடியும் சுற்றியுள்ள மண்ணும் ஒரே வேகத்தில் சூடேறுவதில்லை. ஒரே வேகத்தில் ஆறுவதும் இல்லை. விடியற்காலையிலும் அந்தியிலும் அந்த வித்தியாசத்தைப் படம் பிடிப்பது ஒரு வழி. இரும்பின் காந்தத்தை உணரும் கருவியைக் கட்டிப் பறக்கவிடுவது இன்னொரு வழி. ரேடார் அலையை மண்ணுக்குள் பாய்ச்சி, திரும்பி வருவதைப் பார்ப்பது மூன்றாவது.

ஆப்பிரிக்காவில் சாடு நாட்டின் வடக்குப் பாலைவனத்தில் ஹாண்டிகாப் இண்டர்நேஷனல் என்ற ஸ்தாபனம் சில வருஷங்களுக்கு முன் இப்படிச் சோதித்தது. சூட்டைப் படம் பிடிக்கும் காமிராவால் 2,500க்கு மேற்பட்ட கண்ணிகள் கிடந்த இடம் தெரிந்தது. பாராட்டுவோம். ஆனால் அது மரமில்லாத, புல்லில்லாத, காய்ந்த மணல்.

கண்ணி விதைத்த மண்ணெல்லாம் பாலைவனமா? யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாசலில் இருக்கும் முகமாலையை எடுத்துக் கொள்ளுங்கள். இலங்கை ராணுவமும் விடுதலைப் புலிகளும் வருஷக்கணக்கில் எதிரெதிரே காப்பரண் வெட்டி நின்ற இடம். இரு தரப்பும் கண்ணி விதைத்தார்கள். 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. வெடி மண்ணிலேயே கிடந்தது. அதன் மேல் பற்றையும் புல்லும் மண்டி மறைத்தன. மேலிருந்து பார்க்கும் காமிராவுக்குச் செடியின் சூடுதான் தெரியும். பாகிஸ்தானில் செய்த பி-4 என்ற வெடியில் பெரும்பகுதி பிளாஸ்டிக். காந்தக் கருவி எதைப் பிடிக்கும்? ஷெல் சிதறலும் தோட்டாவும் இறைந்து கிடக்கும் மண்ணில் அது ஓயாமல் கத்தும்! ஈரக் களிமண்ணில் ரேடார் அலை தூரம் இறங்காது. ஐப்பசி மழைக்குப் பிறகு நம் கரிசல் காடு எப்படி இருக்கும்? அந்த மாதிரி மண்ணில் சோதித்துக் காட்டிவிட்டுப் பேசட்டும்.

வானத்துக் கருவியால் பிரயோசனமே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. காப்பரண் எந்தப் பக்கம் ஓடியது, எந்த இடத்தில் சந்தேகம் அதிகம் என்று மேலிருந்து பார்த்துப் பிரித்துக் கொடுத்தால் வீணாகச் சுரண்டும் நாட்கள் மிச்சமாகும். ஆனால் கடைசியில் முகத்துக்குக் கவசம் மாட்டி, வெயிலில் மண்டியிட்டு, கையகலம் கையகலமாக மண்ணைச் சுரண்டுவது கூலிக்கு வந்த ஆள்தான். வன்னியில் அந்த வேலையைச் செய்தவர்களில் ஏராளமானோர் பெண்கள். யுத்தத்தில் புருஷனைப் பறிகொடுத்துக் குடும்பம் சுமப்பவர்கள் பலர்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. அமெரிக்க ராணுவம் 1990களிலேயே அஸ்டமிட்ஸ் என்ற பெயரில் வானிலிருந்து கண்ணி வயலைக் கண்டுபிடிக்கும் கருவியைச் சோதித்தது. எதற்காக? படை முன்னேற வழி வேண்டும். கண்ணி வயல் எங்கே என்று தெரிந்தால் டாங்கி சுற்றிக் கொண்டு போய்விடும், அல்லது ஒரு சந்து வெட்டிக் கொள்ளும். பத்தில் எட்டைக் கண்டுபிடித்தால் தளபதிக்கு அது வெற்றி. களையெடுக்க இறங்கும் பெண்ணுக்கு? மிச்சமுள்ள இரண்டும் அவள் காலுக்கடியில் அல்லவா கிடக்கின்றன! தளபதியின் அளவுகோலால் அளந்த கருவியைக் குடியானவன் தலையில் கட்டப் பார்ப்பதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு இந்தப் பேச்சு எதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் கங்காணிகளின் பின்னே இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் யார்? அவர்கள் வம்சத்தில் பலர் 1958லும் 1977லும் நடந்த கலவரங்களில் அடித்து விரட்டப்பட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறினார்கள். அங்கேயும் அன்னாடம் கூலி வேலைதான். விறகுக்கும் மாட்டுக்கும் காட்டுக்குள் போக வேண்டியவர்கள் அவர்கள். காலை இழந்தவனுக்கு எந்தப் பண்ணையார் கூலி கொடுப்பான்?

இந்திய எல்லையிலும் இதே கதை. 2001 டிசம்பரில் பார்லிமெண்ட் தாக்கப்பட்ட பிறகு டில்லி சர்க்கார் பராக்கிரம் என்ற பெயரில் படையைக் குவித்து, பஞ்சாப், ராஜஸ்தான் எல்லையில் உழுத நிலத்திலேயே லட்சக்கணக்கான கண்ணிகளைப் புதைத்தது. 2002 அக்டோபரில் படையைத் திருப்ப முடிவு செய்தார்கள். யுத்தமே நடக்கவில்லை, ஆனால் புதைத்ததை எடுக்கையில் ஜவான்கள் செத்தார்கள், குடியானவர்கள் கால் இழந்தார்கள். நிலத்துக்கு ஏக்கர் கணக்கில் நஷ்டஈடு. ஏக்கரே இல்லாத கூலிக்காரனுக்கு எந்தக் கணக்கில்?

கண்ணிவெடியைத் தடை செய்யும் உடன்படிக்கை 1997ல் ஒட்டாவாவில் கையெழுத்தானது. இலங்கை 2017ல் சேர்ந்தது. 2028 ஜூனுக்குள் முழுதும் அகற்றுவதாக ஒப்புக்கொண்டது. இந்தியா சேரவில்லை. அமெரிக்காவும் சேரவில்லை, ருஷ்யாவும் சீனாவும் பாகிஸ்தானும் சேரவில்லை. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை ஹெலிகாப்டரிலிருந்து வண்ணத்துப்பூச்சி வெடிகளைத் தூவியது என்பதையும் நாம் மறைக்கப் போவதில்லை. நம் பக்கத்து ஆள் வைத்த வெடி என்பதற்காகக் குழந்தையின் கை பிழைக்காது.

டில்லி பணம் கொடுத்து இந்தியக் கம்பெனிகள் வன்னியில் கண்ணி அகற்றியது உண்மை, நல்ல காரியம். அதே டில்லியின் ராணுவ மந்திரி 2022 ஆகஸ்டில் நிபுண் என்ற புதிய கண்ணிவெடியை ராணுவத்திடம் கொடுத்து விழா நடத்தினார். ஒரு கையால் எடுப்பது, மறு கையால் செய்வது! 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தபோது கண்ணி அகற்றும் பணமும் அதில் அகப்பட்டது. ஒரு வெடியைச் செய்ய மூன்று டாலர் போதும், எடுக்க முந்நூறு முதல் ஆயிரம் டாலர் ஆகும் என்று ஐ.நா. சபையார் 1990களிலேயே கணக்குச் சொன்னார்கள். செய்தவன் லாபம் பார்த்தாயிற்று. எடுப்பதற்கு மட்டும் தர்மக் காசு.

டிரோன் சோதனை நடக்கட்டும். ஆனால் பற்றைக்காட்டில், மழை மாதத்தில், பிளாஸ்டிக் வெடி கிடக்கும் மண்ணில் நடக்கட்டும். எத்தனை வெடியைக் கண்டது என்பதோடு எத்தனையைத் தவறவிட்டது என்பதையும் வெளியிடட்டும். கருவி தேறியதா என்று சொல்லும் குழுவில், மண்ணைச் சுரண்டும் பெண்கள் உட்காரட்டும். கருவி வந்ததைக் காட்டி அவர்கள் கூலியைக் குறைக்கவோ ஆளைக் கழிக்கவோ கூடாது. டில்லி சர்க்கார் நிபுண் உற்பத்தியை நிறுத்தி, ஒட்டாவா உடன்படிக்கையில் சேர வேண்டும்.