டப்பா மாறினால் மருந்து மாறிவிடாது

ஆவடி, பூந்தமல்லியைத் தாண்டி வெண்டை போடுகிறவர்களும் பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி போடுகிறவர்களும் மல்லுக்கட்டுவது ஒரே பூச்சியோடுதான். இலையின் அடியில் அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும் அசுவினி. வெண்டை, பருத்தி, அம்பத்தூர் மொட்டை மாடித் தொட்டியில் நிற்கும் செம்பருத்தி மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். அசுவினி மூன்றிலும் குடியேறும்.

தெளித்தும் அது சாகாவிட்டால் "பூச்சிக்கு மருந்து பழகிப்போச்சு" என்கிறோம். அப்படியல்ல. கூட்டத்தில் ஒன்றிரண்டு பிறக்கும்போதே மருந்தைத் தாங்கக்கூடியவை. சிலவற்றின் உடலில் நஞ்சைச் சிதைக்கும் நொதிகள் கூடுதல். சிலவற்றில் மருந்து போய் ஒட்டவேண்டிய நரம்புப் புரதமே சற்று மாறியிருக்கும். தெளித்ததும் மற்றவை செத்துவிழ, இவை பிழைக்கும். நம் ஊர் வெப்பத்தில் அசுவினி பெருக ஆண் தேவையில்லை. தாய் முட்டையிடாமல் நேரடியாகக் குஞ்சு ஈனும்; ஏறக்குறைய ஒரு வாரத்தில் அந்தக் குஞ்சும் தாயாகும். பிழைத்த ஒன்றின் வாரிசுகளே தோட்டத்தை நிரப்பிவிடும்.

2002-ல் வந்த, மரபணு மாற்றிய பி.டி. பருத்தி காய்ப்புழுவைத்தான் தடுத்தது, சாறு உறிஞ்சும் பூச்சிகளை அல்ல. அதனால் விதையிலேயே இமிடாகுளோபிரிட் மருந்தைப் பூசி விற்றார்கள். செடி வளர்ந்ததும் அசிட்டமிப்ரிட், பிறகு தயோமீதாக்சம் என்று தெளித்தோம். மூன்றும் நரம்பில் ஒரே இடத்தைத் தாக்குபவை. பூச்சிகளின் எதிர்ப்புத்திறனை ஆராயும் பன்னாட்டுக் குழு இம்மூன்றுக்கும் கொடுத்திருப்பது 4ஏ என்ற ஒரே தொகுதி எண். அசுவினிக்கான இன்னொரு மருந்தான புளோனிகாமிட்டின் எண் 29. அது வேறு வழியில் வேலை செய்கிறது. கடைக்காரர் வேறு டப்பா தந்தாலும் தொகுதி அதேதான் என்றால், போன முறை பிழைத்த பூச்சி இந்த முறையும் பிழைக்கும்.

மருந்தின் அளவைக் கூட்டுவதும் தீர்வல்ல. வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்துக் கோயம்பேடு சந்தைக்கு அனுப்புகிறோம். கூட்டிய நஞ்சு நேராகச் சமையலறைக்குப் போகும். சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் அசுவினியைத் தின்னும் பொறிவண்டையும் கொன்றுவிடுகின்றன. யூரியாவை அள்ளிப் போட்டால் இளந்தளிர் பெருகும், அசுவினிக்கு அதுதான் விருந்து. தொடக்கத்திலேயே 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளியுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்துப் பூச்சி வருவதைக் கண்காணியுங்கள். ரசாயனம் தேவைப்பட்டால், போன முறை தெளித்த தொகுதியைத் தவிர்த்து வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

இதையெல்லாம் விவசாயி நினைவில் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது நியாயமில்லை. ஒவ்வொரு டப்பாவிலும் தொகுதி எண்ணைத் தமிழில், கண்ணில் படும் அளவுக்குப் பெரிதாக அச்சிட அரசு உத்தரவிட வேண்டும்.