அவசர சிகிச்சைப் பிரிவு நெரிசல்: எங்கள் நிலைப்பாடு

தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையோரப் பகுதிகளின் குடியிருப்போர் நலச் சங்கத்தினர் வெளியிடும் அறிக்கை.

செங்கல்பட்டு 2019-இல் தனி மாவட்டமானது. தாம்பரம் 2021-இல் மாநகராட்சியானது. 2023 இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. ஏரிக்கரை வரை அடுக்குமாடிகள் வந்துவிட்டன. அங்கே குடியேறுவோருக்கு நெஞ்சுவலி வந்தால் எந்த மருத்துவமனை தாங்கும் என்ற கணக்கு மட்டும் பின்தங்கியே இருக்கிறது.

நெரிசல் என்றதும் அவசரப் பிரிவைப் பெரிதாக்கச் சொல்வது வழக்கம். அது மட்டும் போதாது என்கிறோம். அடைப்பு உள்ளே இருக்கிறது. வார்டில் படுக்கை காலியாகாதவரை, முதல் சிகிச்சை முடிந்த நோயாளியும் அவசரப் பிரிவிலேயே காத்துக் கிடக்கிறார். சில நேரம் அவர் படுத்திருப்பது 108 வண்டியின் ஸ்ட்ரெச்சரில். அது கைக்கு வரும்வரை அந்த வண்டி அடுத்த அழைப்புக்குக் கிளம்ப முடியாது.

'இன்னுயிர் காப்போம்' திட்டத்தை வரவேற்கிறோம். 2021 டிசம்பர் முதல், சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். 49-ஆவது மணி நேரத்தில், காப்பீடும் காசும் இல்லாதவருக்கு அரசு மருத்துவமனைப் படுக்கைதான் கதி.

எங்கள் கோரிக்கைகள்:

1. டிஸ்சார்ஜ் வேலைகளை ஞாயிறு உட்பட எல்லா நாளும் முற்பகலுக்குள் முடித்து, படுக்கைகளை விடுவிக்க வேண்டும்.

2. காய்ச்சல், வயிற்றுப்போக்கு போன்றவற்றுக்கு இரவு 10 மணி வரை தனி ஓ.பி. நடத்த வேண்டும். எட்டு மணிக்கு மேல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய் அவசரப் பிரிவில் வரிசை நிற்கக் கூடாது.

3. வேறு மருத்துவமனைக்கு ரெஃபர் செய்யுமுன் அங்கே படுக்கை உண்டா என்று தொலைபேசியில் உறுதி செய்ய வேண்டும்.

4. டாக்டர், செவிலியர் பணியிடங்களை இன்றைய மக்கள்தொகைக்கு ஏற்ப நிர்ணயிக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பு இந்தப் பகுதிக்கு உதவாது.

காத்திருக்கும் கோபத்தில் டியூட்டி டாக்டர் மீது கை வைப்பதை எந்த நிலையிலும் ஏற்க மாட்டோம். அதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008 முதலே தனிச் சட்டம் இருக்கிறது.

பொதுமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிப்பது உயிருக்கு உள்ள ஆபத்தை வைத்துத்தான். முதலில் வந்தவர் யார் என்று பார்த்து அல்ல. உங்களுக்குப் பின்னால் வந்தவரை முன்னால் அழைத்தால் வழிவிடுங்கள்.