என்ன சொல்லி அழைப்பது?

மொழியியல் படித்தவர்கள் வெளியில் சொல்லத் தயங்கும் செய்தி ஒன்றை இங்கே எழுதுகிறேன். கடந்த ஓராண்டில் நான் மிகுந்த கவனத்தோடு வாசித்த மொழிபெயர்ப்புகள் ஜப்பானியக் காதல் விளையாட்டுகள். 'டேட்டிங் சிம்' என்று வழங்கும் வகை. ஹைதராபாத்தில் என் விடுதி அறையில், ஆய்வேட்டின் மூன்றாம் இயல் நகர மறுத்த கோடையொன்றில், கேலி செய்யும் நோக்கத்தோடுதான் முதல் விளையாட்டைத் திறந்தேன். அந்தக் கேலி இரண்டு நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

இவ்வகையை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1992இல் எல்ஃப் நிறுவனம் வெளியிட்ட 'தோக்யூசெய்' வயதுவந்தோருக்கான விளையாட்டு. இவ்வகைக்கு இன்றும் ஒட்டியிருக்கும் கெட்ட பெயரில் ஒரு பங்கு அத்தகைய தொடக்கங்களிலிருந்து வந்தது. 1994இல் கொனாமி வெளியிட்ட 'தோக்கிமெக்கி மெமோரியல்' பாலியல் காட்சிகள் ஏதுமின்றி ஒரு பள்ளி மாணவனின் மூன்றாண்டு வாழ்வை விளையாட்டாக்கியது. அதே ஆண்டில் கோயெய் நிறுவனம், பெண்களைக் கொண்ட குழுவின் உழைப்பில், பெண்களுக்கான 'ஆஞ்செலிக்'கை வெளியிட்டது. 'ஓத்தோமே' எனப்படும் பெண்நோக்கு விளையாட்டு மரபு அங்கிருந்து வளர்ந்தது.

கொனாமி அந்த முதல் விளையாட்டை ஆங்கிலத்தில் வெளியிடவில்லை. அதன் சூப்பர் ஃபாமிகாம் பதிப்புக்கு 2022இல் ரசிகர்கள் ஆங்கில வடிவம் தந்தார்கள். நான் விளையாடியது அதைத்தான். படிப்பதா, உடற்பயிற்சி செய்வதா, ஓய்வெடுப்பதா என்று நாட்களைத் திட்டமிட வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். மன அழுத்தம் ஏறும். திரையில் எண்ணாகத் தெரிபவை நம்முடைய திறன்களே. எதிரிலிருப்பவரின் மனம் எண்ணாகத் தெரிவதில்லை. தோழன் ஒருவனிடம் தொலைபேசியில் விசாரித்து ஊகிக்க வேண்டும். யாரையேனும் நெடுநாள் புறக்கணித்தால் அவர் பெயருக்கருகே வெடிகுண்டுச் சின்னம் தோன்றும். அது வெடித்தால் அவரோடு நிற்காது. எல்லோருடைய நல்லெண்ணமும் சரியும். முதலில் சிரித்தேன். பிறகு, ஒருவரை நாம் நடத்தும் விதத்தை ஊரே கவனித்துக்கொண்டிருக்கிறது என்னும் உண்மையை இவ்வளவு எளிய விதியாக வேறெங்கும் கண்டதில்லை என்று தோன்றியது.

இங்கே என் சொந்த நிலையைச் சொல்ல வேண்டும். வீட்டில் எனக்கு வரன் பார்க்கிறார்கள். ஞாயிறுதோறும் அம்மா கைபேசிக்கு ஒரு பயோடேட்டா அனுப்புகிறார். உயரம், சம்பளம், நட்சத்திரம், சொந்த வீடு. காதலை எண்ணாக்கிவிட்டது என்று இவ்விளையாட்டுகளைப் பழிக்கும் நண்பர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எந்த எண்களை, யாருடைய எண்களை? பயோடேட்டாவில் எதிராளியின் எண்கள் முழுதாகக் கிடைக்கின்றன. என் எண்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் எனக்கு எழுவதேயில்லை. விளையாட்டு இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்குகிறது. அம்மாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் அறிந்த வழியில் அக்கறை காட்டுகிறார்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது மொழிதான். இத்தொடரின் பெண்நோக்குக் கிளையான 'கேர்ள்ஸ் சைட்' 2002இல் தொடங்கியது. அதன் நின்டெண்டோ டிஎஸ் பதிப்புகளையும் ரசிகர்களே ஆங்கிலப்படுத்தியிருக்கிறார்கள். அதில் ஓர் ஆணை எப்படி அழைப்பது என்று நாமே தேர்ந்து பார்க்கலாம். குடும்பப் பெயரோடு 'குன்' சேர்ப்பதா, இயற்பெயரா, செல்லப்பெயரா? நெருக்கம் கனிவதற்குள் செல்லப்பெயரை எடுத்தால் முகம் சுளிப்பான். கனிந்த பிறகு எடுத்தால் அந்த அழைப்பே ஒரு நிகழ்வாகிவிடும். நான் அந்தச் சாளரத்தின் முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

ஆங்கிலம் மட்டுமே அறிந்த ஒருவருக்கு இது வேற்றுநாட்டு வழக்கம். தமிழ் பேசி வளர்ந்தவருக்கு அப்படியில்லை. 'நீங்கள்' என்பது 'நீ' ஆகும் நொடியை நாம் அறிவோம். அது தவறான நேரத்தில் நிகழ்ந்தால் உறவு கெடுவதையும் அறிவோம். ஆகவே ஜப்பானியத்தில் இருந்து ஆங்கிலத்தில் காணாமற்போன ஒன்றை, என் மனத்துக்குள் தமிழ் மீட்டுக்கொண்டே வந்தது. மொழிபெயர்ப்பில் படித்ததால் இன்பம் குறையவில்லை. இந்த மீட்புப் பணியிலேயே பாதி இன்பம் இருந்தது.

காதலை வெளிப்படுத்தும் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியத்தில் பெரும்பாலும் 'சுகி தெஸ்' என்று முடிந்துவிடும். யார், யாரை என்ற இரண்டும் சொல்லப்படுவதில்லை. சொல்வதானால், விரும்பப்படுபவரே எழுவாய்க்குரிய 'கா' உருபை ஏற்பார். ஆங்கிலம் அப்படி விடாது. 'ஐ' என்றொருவர் முன்வந்து, 'யூ' என்ற மற்றொருவர் மீது ஒரு செயலைச் செய்தாக வேண்டும். தமிழில் 'எனக்கு உன்னைப் பிடிக்கும்' என்றால் 'நான்' எழுவாயாக நிற்பதில்லை. நான்காம் வேற்றுமைக்குப் பின்வாங்கி நிற்கிறது. வெறும் 'பிடிச்சிருக்கு' என்றாலும் போதும். ஜப்பானியமும் தமிழும் உறவுடைய மொழிகள் என்று நிறுவ நான் இதைச் சொல்லவில்லை. அந்தப் பழைய வாதத்தில் எனக்கு ஈடுபாடில்லை. காதலைச் செய்வதாக அல்லாமல் நேர்வதாகச் சொல்ல இரண்டு மொழிகளும் வழி வைத்திருக்கின்றன என்பதே என் மகிழ்ச்சி.

தமிழ் எல்லா இடத்திலும் வெல்வதுமில்லை. 'வாத்தாஷி', 'போக்கு', 'ஓரே' என்று தன்னைச் சுட்டும் சொல்லைக் கொண்டே ஜப்பானியப் பாத்திரம் தன் இயல்பைக் காட்டிவிடும். நமக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே ஒரு 'நான்'. 2008இல் ஜப்பானியத்திலும் 2012இல் ஆங்கிலத்திலும் வந்த 'ஹாகுஓகி'யில் நாயகி சிஸுரு ஆண்வேடத்தில் ஷின்சென்குமி வீரர்களிடையே வாழ்கிறாள். தலைவர்களுக்கு உண்மை தெரியும்; கீழ்நிலை வீரர்களுக்குத் தெரியாது. ஜப்பானியம் பாலைச் சுட்டாமலே இதைக் கடந்துவிடும். 'வந்தான்', 'வந்தாள்' என்று வினைமுற்றிலேயே பால் காட்டும் தமிழ் என்ன செய்யும்? 'வந்தார்' என்ற மதிப்பொருமைக்குள் ஒளிந்துகொள்ளலாம்; ஆனால் படைத்தலைவன் ஒருவன் பணிப்பையனை 'அவர்' என்பானா? இந்த ஒரு வினாவை வைத்து ஒரு கருத்தரங்கு நடத்தலாம்.

அதே விளையாட்டில் இன்னொரு வலியும் இருக்கிறது. அதன் நாயகர்கள் பலர் வரலாற்று மனிதர்கள். ஓகிதா சோஜி 1868இல் காசநோயால் இறந்தார். ஹிஜிகாதா தோஷிஸோ 1869இல் ஹகோதாதேயில் போரில் மடிந்தார். யாரைத் தேர்ந்தாலும் வரலாறு வாசலில் காத்திருப்பதை அறிந்தே அன்பு செலுத்துகிறோம். இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கினால், வரலாற்றுப் புதினங்களில் பலவற்றையும் ஒதுக்க வேண்டியிருக்கும்.

குறைகள் இல்லையென்று சொல்லமாட்டேன். சரியான விடையைத் தேர்ந்தால் மனம் திறக்கும் என்ற எண்ணம் ஆபத்தானது; உண்மையான மனிதர் மறுத்தால் சேமித்த இடத்திற்குத் திரும்ப முடியாது. பெண்ணைப் பரிசாக்கும் விளையாட்டுகள் ஏராளம். ஆனால் ஒரு வகைமையை அதன் மோசமான படைப்புகளைக் கொண்டு அளக்கும் வழக்கத்தை இலக்கியத்தில் நாம் எப்போதோ கைவிட்டோம்.

விளிச்சொல் மாற்றத்தைக் குறித்து இவ்விளையாட்டுகளை முன்வைத்து ஒரு கட்டுரைச் சுருக்கம் எழுதி, துறைக் கூட்டமொன்றில் வாசித்தேன். சிரிப்பு எழுந்தது. "இதுவும் ஆய்வா?" என்று ஒருவர் கேட்டார். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அன்று சிரித்ததற்காகவே இன்று இதை எழுதுகிறேன். நிரலைப் பிரித்து உரையை வெளியே எடுத்து, திரையின் சிறு பெட்டிக்குள் அடங்கும்படி ஒவ்வொரு வரியையும் சுருக்கி, மீண்டும் பொருத்தி, ஊதியமோ பல்கலைக்கழகப் புள்ளியோ எதிர்பாராமல் இணையத்தில் வைக்கிறார்களே, அந்த ரசிக மொழிபெயர்ப்பாளர்கள் 'குன்' என்பதை வைப்பதா விடுவதா என்று வாதாடுவதைப் படித்திருக்கிறேன். நம் மொழிபெயர்ப்பியல் வகுப்பறையில் நடக்க வேண்டிய வாதம் அது. நாம் சிரித்துக்கொண்டிருக்கும்போது அவர்கள் அதை நடத்தி முடித்துவிட்டார்கள்.

மூன்றாம் இயலைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். திரும்பப் பெற்ற சுருக்கம் அதற்குள் ஒரு பகுதியாக வருகிறது. நெறியாளரிடம் இன்னும் காட்டவில்லை; அடுத்த வாரம் காட்டுவேன். ஜப்பானியம் அறிந்த மாணவ நண்பர்கள் யாரேனும் இருந்தால் எழுதுங்கள்: 'ஓரே' என்பவனைத் தமிழில் எப்படிப் பேசவைப்பது?