மாதர் பகுதி: “நேரமாயிற்று!”

சென்ற வாரம் ஒரு நாள் மாலை புதுச்சேரிக் கடற்கரைக்குச் சென்றிருந்தேன். ஆறு மணிக்கு மேல் அந்தச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. ஆகையால் அதன் பிறகு அங்கே குழந்தைகளின் ராஜ்யந்தான். காந்திஜியின் சிலையைச் சுற்றியுள்ள கருங்கல் தூண்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுவன் நின்றான். வயது ஒன்று இருக்கலாம். பிடியை விட்டு அடி எடுத்து வைப்பதா, வேண்டாமா என்று அவனுக்குப் பெரிய யோசனை. எதிரே பாட்டியம்மாள் உட்கார்ந்து, அவன் முடிவுக்குக் காத்திருந்தாள்.

“அம்மா, நேரமாயிற்று! இட்டிலிக்கு அரைக்க வேண்டும். காலையில் எட்டு மணிக்கெல்லாம் நான் ஆபீஸுக்குக் கிளம்பவேண்டுமே!” என்றாள் குழந்தையின் தாய்.

“நேரமாயிற்று, நேரமாயிற்று என்று சொல்லித்தான் உன்னையும் வளர்த்தேன். நீ முதலடி வைத்தபோது நான் அடுக்களையில் இருந்தேன். அடுத்த வீட்டு மாமி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். இவன் அடியையாவது நான் பார்த்துக்கொள்கிறேன். நீயும் இப்படி உட்காரம்மா” என்றாள் பாட்டி.

அந்த வார்த்தை என் மனத்தில் தைத்துவிட்டது. பேரக் குழந்தையிடம் பாட்டிமார் காட்டும் நிதானம் வயதினால் வந்தது என்று எண்ணியிருந்தேன். கைநழுவிப் போனது இன்னதென்று தெரிந்தபின் வந்த நிதானம் அது.

குழந்தைப் பருவம் விரைந்தோடுவதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தத்தில் 3-ஆம் மாதம் முதல் 21-ஆம் மாதம் வரை பத்துப் பருவங்களாகப் பகுத்து, பருவத்திற்குப் பத்தாக 100 பாடல்கள் பாடுவது மரபு. கையையும் காலையும் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடினால் செங்கீரை; கை கொட்டினால் சப்பாணி; சந்திரனைக் கூப்பிட்டால் அம்புலி. இரண்டு மாதத்தில் மறைந்துவிடும் ஒரு விளையாட்டுக்குப் பத்துப் பாட்டு!

இக்காலத்துத் தாய்மாரின் கஷ்டத்தை நான் அறியாமலில்லை. 2017-இல் வந்த சட்டத் திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்குப் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. அந்தச் சலுகையும் கிட்டாதவர் பலர். கிட்டியவர்களுக்கும் செங்கீரைப் பருவத்தோடு விடுப்புத் தீர்ந்துவிடுகிறது. சப்பாணியும் முதலடியும் அதன் பிறகுதான் வருகின்றன. மிஞ்சுவது மாலையில் ஒரு மணி நேரம். அதையும் அரவைக்கும் கைப்பேசிக்கும் கொடுத்துவிட்டால் குழந்தைக்கு என்ன இருக்கிறது?

கவலையெல்லாம் தீர்ந்த பிறகு குழந்தையைக் கொஞ்சலாம் என்றிருப்பதும் பிசகு. பாரதியார் 1908 முதல் 1918 வரை இவ்வூரில் வாழ்ந்த காலத்தில் அவருக்கு வறுமையும் இருந்தது. போலீஸ் வேவுகாரர் தொல்லையும் இருந்தது. ஆயினும், “கண்ணம்மா – என் குழந்தை” இடம் பெற்ற “கண்ணன் பாட்டு” 1917-இல் வெளிவந்தது. நல்ல காலம் வரட்டும் என்று அவர் காத்திருந்தால், அந்தப் பாட்டுத் தமிழுக்குக் கிடைத்திருக்குமா?

ஆகையால், சகோதரிகளே, நாள்தோறும் அரைமணி நேரமேனும் குழந்தையின் எதிரே சும்மா உட்காருங்கள். பாடம் சொல்ல வேண்டாம். படம் பிடிக்கவும் வேண்டாம். அந்த அரைமணிக்கு மாவு அரைக்கும் பொறுப்பை வீட்டிலுள்ள ஆண்மக்கள் ஏற்கட்டும். இயந்திரம் அரைக்கும் காலத்தில் அவர்களுக்கும் இது பெரிய பாரமாகாது.

அந்தச் சிறுவன் நடந்தானா என்று கேட்பீர்கள். இல்லை. வெகுநேரம் யோசித்து, கடைசியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான்! பாட்டி சிரித்தாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாயும் சிரித்தாள். அன்று அவர்கள் வீட்டில் இட்டிலிக்கு அரைத்தார்களோ என்னவோ, நான் அறியேன்.

நம் ஊருக்குக் கிழக்கே கடல். பௌர்ணமி மாலையில் சந்திரன் நீரிலிருந்தே எழுந்து வருவான். வருகிற பௌர்ணமிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். பாட்டியையும் மறவாமல் அழைத்து வாருங்கள்.